வலது பக்கம் ஸ்டீயரிங், நம்பர் பிளேட்ல 69: தாத்தா நிக்கிற இந்த லாரி என்ன வண்டி?

லியோன்பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க புதுசு, லாரி பத்தி ஒண்ணுமே தெரியாது, சக்கரம் எத்தனைன்னு எண்ணத் தெரியும் அவ்வளவுதான். தாத்தா போன வருஷம் தவறிட்டாரு, அவர் பீரோவை ஒழிக்கும்போது ஒரு செருப்பு டப்பா நிறைய போட்டோ கிடைச்சுது, அதுல ஒண்ணுலதான் சந்தேகம். கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் மஞ்சளாயிடுச்சு, ஸ்கேன் பண்ணா முகமே தெரியல, அதனால என்ன இருக்குன்னு எழுதிடறேன்.

தாத்தா ஒரு பெரிய லாரியோட படிக்கட்டுல ஒரு காலை வெச்சு நிக்கிறாரு. லாரிக்கு நீளமான மூக்கு, அதாவது எஞ்சின் முன்னாடி துருத்திக்கிட்டு போகுது, ரெண்டு பக்கமும் பெரிய உருண்டை மட்கார்டு. கேபின் மேல நம்ம மிஷ்லேன் பொம்மை, அந்த டயர் டயரா அடுக்கின வெள்ளை ஆசாமி, கையைத் தூக்கிட்டு நிக்குது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கு. இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் ஜன்னல்ல இருந்து ஒரு பையன் பாதி உடம்பை வெளிய நீட்டிட்டு சிரிக்கிறான்.

ஸ்டீயரிங் வலது பக்கம்ங்கறதால அம்மா இது புதுச்சேரில எடுத்ததுதான்னு அடிச்சு சொல்றாங்க. ஆனா நம்பர் பிளேட்ல கடைசில 69ன்னு இருக்கே, அது பிரான்ஸ்ல லியோன் இருக்கற ரோன் மாவட்டம் இல்லையா? தாத்தா ராணுவத்துல இருந்து வந்து அறுபதுகள்ல இருந்து லியோன்லதான் இருந்தாரு. அதுவும் போக, எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை என்னன்னா தாத்தா ரயில்ல வேலை பாத்தாருன்னு, "நான் ரயில் ஓட்டிக்கிட்டு இருந்தேன்"னு அவரே எத்தனையோ தடவை சொல்லி கேட்டிருக்கேன். அப்போ லாரி எங்க இருந்து வந்துச்சு? சும்மா பக்கத்துல நின்னு போஸ் குடுத்தாரா? யாராவது சொல்லுங்களேன்.

ஆதாரப்பிரியன் எழுதியது:

போட்டோ திருப்பிப் போட்டு பிரிண்ட் பண்ணிருப்பாங்க. நெகட்டிவை மாத்தி வெச்சா இடது வலதாயிடும், பழைய ஸ்டூடியோல இது சகஜம். கேஸ் முடிஞ்சுது.

பன்னிமூக்கு எழுதியது:

தம்பி ஆதாரம், நெகட்டிவ் திரும்பியிருந்தா நம்பரும் எல்லோ கண்ணாடில பாக்கிற மாதிரி திரும்பியிருக்கும், பிள்ளை 69 எண்டு நேர வாசிச்சிருக்கிறா. உம்மட கேஸ் இன்னும் முடியேல்ல :)

பிள்ளை, லொறி பற்றி எனக்கு பெரிசாத் தெரியாது, என்ர உலகம் சின்ன வான்தான், ஆனா முன்னுக்கு ஏதும் சின்னம் இருக்கோ எண்டு பாரும். அந்தக் காலத்து லொறி எல்லாம் மூக்கில ஒரு அடையாளம் வைச்சிருக்கும். பூதக்கண்ணாடி பிடிச்சுப் பாத்திட்டு எழுதும்.

லியோன்பேத்தி எழுதியது:

பாத்தேன் அண்ணே. மூக்கு நடுவுல மேல ஒரு உலோகச் சின்னம் இருக்கு, தெளிவா இல்ல. மேல உருண்டையா ஏதோ, கீழ சீப்பு மாதிரி விரிஞ்சு கம்பி கம்பியா. பூச்சி மாதிரி இருக்கு. மீசை வெச்ச பூச்சி.

இரட்டைக்கிளட்ச் எழுதியது:

அம்மாடி, அது பூச்சி இல்ல. அதுதாம்மா உங்க தாத்தா சொன்ன ரயில்.

நிதானமா சொல்றேன், காலைலயே இதைப் படிச்சுட்டு காபியைக் கூட குடிக்காம உக்காந்திருக்கேன். அது பெர்லியே லாரி. லியோன்ல மரியூஸ் பெர்லியேன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச கம்பெனி, முதல்ல காருதான் செஞ்சாரு. 1905ல அமெரிக்காவுல ரயில் எஞ்சின் செய்யற அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி அவர்கிட்ட இருந்து கார் செய்யற லைசென்ஸ் வாங்கிச்சு, அந்தப் பெருமைல இவரு ரயில் எஞ்சினையே தன் வண்டிக்கு முத்திரையா வெச்சுக்கிட்டாரு. நேரா எதிர்ல இருந்து பாத்தா தெரியற எஞ்சின் முகம். மேல உருண்டையா இருக்கறது கொதிகலன், கீழ சீப்பு மாதிரி இருக்கறது தண்டவாளத்துல மாடு வந்தா ஒதுக்கித் தள்ளற கம்பித்தடுப்பு. போகப் போக அந்தப் படத்தைக் கோடு கோடா சுருக்கிட்டாங்க, தெரியாதவங்களுக்கு பூச்சி மாதிரிதான் இருக்கும், உங்க மேல தப்பில்ல.

லியோன்ல நம்ம ஆளுங்க ரெண்டு பேரு பேசிக்கும்போது "எதுப்பா ஓட்டற?" "ரயில்தான்"னு சொல்றது எனக்கே காதுல விழுந்திருக்கு. தாத்தா பொய் சொல்லல, நீங்கதான் தண்டவாளத்தை சேத்துக்கிட்டீங்க.

அடுத்து ஸ்டீயரிங். இதைக் கேட்டா இப்போ யாரும் நம்பறதில்ல. பிரான்ஸ்ல வண்டி வலது பக்கம் போகுது, அதனால ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கணும், சரிதான். ஆனா 1950கள் வரைக்கும் இங்க செஞ்ச கனரக லாரி பலதுலயும் ஸ்டீயரிங் வலது பக்கம்தான். ஏன்னா அந்தக் காலத்து ரோடு ஒடுக்கம், ஓரம் மெத்து மெத்துன்னு மண்ணு, மலைப்பாதைல ஓரத்துல தடுப்பும் கிடையாது. பத்து டன் ஏத்திக்கிட்டு எதிர்வண்டிக்கு வழி விட ஒதுங்கும்போது டிரைவருக்குத் தெரிய வேண்டியது ஓரத்துல சக்கரம் எங்க இருக்குங்கறதுதான். ஓரத்துப் பக்கமே உக்காந்தா எட்டிப் பாத்து ஓட்டலாம். எதிர்ல வர்றவன் எப்படியும் பயந்து ஒதுங்குவான்னு ஒரு நம்பிக்கை வேற. அதனால அம்மாகிட்ட சொல்லுங்க, புதுச்சேரி இல்ல, லியோன்தான். இந்த நம்பர் முறையே 1950ல வந்தது, கடைசி ரெண்டு எண் மாவட்டம், 69ன்னா ரோன், உங்க கணக்கு சரி.

மாடல் என்னன்னா, நீளமூக்கு, பெரிய மட்கார்டு எல்லாம் வெச்சுப் பாத்தா ஜிஎல்ஆர் குடும்பம். போருக்குப் பிறகு பெர்லியேவை தூக்கி நிறுத்தினதே அதுதான். அதுல ஜிஎல்ஆர் 8ங்கறதுக்கு அஞ்சு சிலிண்டர் டீசல், கிட்டத்தட்ட 8 லிட்டர். நாலும் இல்லாம ஆறும் இல்லாம அஞ்சு, அதனால அது உறுமற தாளமே வேற, கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம் பெர்லியே வருதுன்னு.

நான் பெர்மி புவா லூர், அதான் கனரக லாரி லைசென்ஸ், எடுத்தது 1972ல, அப்போ மூக்கில்லாத வண்டிங்க வந்தாச்சு. ஆனா என் முதல் பத்ரோன், அதான் முதலாளி, அவர்கிட்ட ஷெட்ல ஒரு பழைய ஜிஎல்ஆர் இருந்துச்சு, யார்டுக்குள்ள நகர்த்தறதுக்கு, புதுசா வர்ற பசங்களுக்கு பாடம் எடுக்கறதுக்கு. அதுலதான் நான் இரட்டை கிளட்ச் கத்துக்கிட்டேன். கியர்பாக்ஸ்ல பல்லு தானா சேராது, நீங்கதான் சேத்து வைக்கணும். கீழ் கியருக்கு வரணும்னா கிளட்சை மிதி, நியூட்ரல் போடு, கிளட்சை விடு, ஆக்சிலரேட்டரை ஒரு குத்து குத்து, எஞ்சின் சுத்து ஏறி சரியா வந்து நிக்கற அந்த நொடில மறுபடி கிளட்சை மிதிச்சு கியரைத் தள்ளு. நொடி தப்பினா கர்ர்ர்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, யார்டுல இருக்கறவன் எல்லாம் திரும்பிப் பாப்பான். பத்ரோன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, காதைப் பொத்திக்குவாரு, அது திட்டறதை விட மோசம்.

இதை சமதரைல செய்யறது ஒண்ணு, மலைல செய்யறது வேற. நசியோனால் செத்ல, அதான் என்7ல, லியோன்ல இருந்து ரொவான் பக்கம் போனா தராருக்கு அப்புறம் பேன்-பூஷான் கணவாய் வரும். உயரம் 760 மீட்டர் கூட இல்ல, கேட்டா சின்னதுதான், ஆனா லோடோட போனவனுக்குத் தெரியும். ஏத்தத்துல நடந்து போறவன் நம்மளைத் தாண்டிப் போவான். அதுகூடப் பரவால்ல, உச்சி வந்ததும் இறங்கறதுக்கு முன்னாடியே கியரைப் போட்டுடணும், இறக்கத்துல போய் மாத்திக்கலாம்னு நினைச்சு நியூட்ரல்ல மாட்டினவன் கதி அதோகதி. பிரேக்கை மட்டும் நம்பினா பாதி வழில புகை வரும். "ஏறின கியர்லயே இறங்கு"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அதுக்கு மேல வேற பாடம் இல்ல.

உங்க தாத்தா என்ன லோடு அடிச்சாருன்னு ஏதாவது தெரியுமா?

லியோன்பேத்தி எழுதியது:

ஐயா, கை நடுங்குது. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் சொன்னாங்க, "அதானே, ரயில்ல வேலைன்னா குடும்பத்துக்கு சலுகை டிக்கெட் உண்டுல்ல, நமக்கு மட்டும் ஏன் ஒரு பாஸும் வரலன்னு சின்ன வயசுல கேட்டேன், உங்க தாத்தா சிரிச்சுட்டு போயிட்டாரு"ன்னு. அம்பது வருஷமா எங்க குடும்பத்துல கல்யாணப் பேச்சுல எல்லாம் "பொண்ணோட அப்பா ரயில்வே"ன்னு சொல்லிருக்காங்க!!

லோடு என்னன்னா, பீச் பழம்னு அம்மாவுக்கு ஞாபகம். கோடைல தாத்தா வீட்டுக்கு வந்தா சட்டையெல்லாம் பீச் வாசனை அடிக்குமாம். ராத்திரிதான் கிளம்புவாராம், பாரிஸுக்கு. ராணுவத்துலயே லாரி பெர்மி எடுத்துட்டாருன்னு சித்தப்பா சொல்றாரு, லியோன்ல யாரோ ஒரு முதலாளி, ரெண்டே ரெண்டு லாரி வெச்சிருந்தவராம்.

இரட்டைக்கிளட்ச் எழுதியது:

பீச் பழம்னா ரோன் பள்ளத்தாக்கு, கண்டிப்பா. வலான்ஸ் பக்கத்துல இருந்து ஏத்தி ராத்திரி ஓட்டி விடியறதுக்குள்ள பாரிஸ் லே ஆல் மார்க்கெட்ல இறக்கணும். ஊருக்கு நடுவுல இருந்த மார்க்கெட்டும்மா, அத்தனை லாரியும் அந்த சந்துக்குள்ளதான் நுழையணும். 1969 மார்ச்ல அதை மொத்தமா ரன்ஜிஸுக்கு மாத்தினாங்க. பாரிஸ்-லியோன் ஆட்டோரூட் முழுசா இணைஞ்சது 1970லதான், அதுக்கு முன்னாடி போனவங்க எல்லாம் என்6, என்7னு ஊரு ஊரா புகுந்து போனவங்க.

மஞ்சள் ஹெட்லைட்டு வேற. 1993 வரைக்கும் பிரான்ஸ்ல மஞ்சள் விளக்குதான் கட்டாயம். மழைல ஒரு மலையடிவாரத்துல வரிசையா மஞ்சள் கண்ணுங்க ஏறி வர்றதை இப்போ நினைச்சாலும்... சரி விடுங்க.

சாப்பாட்டுக்கு ரூத்தியே. சிவப்பும் நீலமுமா வட்டப் பலகை தொங்கும், 1934ல பிரான்சுவா த சோலியேன்னு ஒரு பத்திரிகைக்காரர் லாரி டிரைவருங்களுக்காக ஆரம்பிச்சது, நல்ல சாப்பாடு நியாயமான விலைக்குக் குடுக்கற கடைங்களுக்கு மட்டும் அந்தப் பலகை. ஆனா நிஜமான அடையாளம் பலகை இல்ல, வாசல்ல எத்தனை லாரி நிக்குதுங்கறதுதான். நீளமேசை, யாரு பக்கத்துல யாரு வேணா உக்காரலாம், நான் முதல் தடவை போனப்ப ஒரு பிரெத்தான்காரன் என் தட்டைப் பாத்துட்டு மிளகுத்தூள் டப்பாவை அப்படியே என் பக்கம் தள்ளினான், ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் எத்தனையோ பேரைப் பாத்தேன், அந்த ஆளை மறக்கல.

ஆதாரப்பிரியன் எழுதியது:

நெகட்டிவ் விஷயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா நீளமூக்கு, வலது ஸ்டீயரிங்னாலே பெர்லியேன்னு முடிவு கட்டக் கூடாதுங்கறதுக்காக சொல்றேன். அதே காலத்துல நான்தேர்ல வில்லெம் இருந்துச்சு, அர்க்கெய்ல பெர்னார் இருந்துச்சு, புத்தோல யுனிக் இருந்துச்சு. வில்லெமுக்கு "சுறா மூக்கு"ன்னே பேரு, முன்னாடி உருண்டு திரண்டு வரும், பாத்தா யாரும் மறக்க மாட்டாங்க. பெர்னார் லாரியை டிரைவருங்க கடிகாரம் மாதிரின்னு கொண்டாடினாங்க, 1963ல அமெரிக்க மேக் கம்பெனி வாங்கிச்சு, மூணு நாலு வருஷத்துல கதவை மூடிட்டாங்க. சின்னத்துல ரயில் இருக்கறதால இது பெர்லியேதான், சரி, ஆனா ஆதாரம் சின்னம்தான், மூக்கு இல்ல. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பெர்லியே பத்தி யாரும் சொல்லாத ஒண்ணு. 1968 மே மாசம் வேலைநிறுத்தத்துல வெனிசியூ தொழிற்சாலை வாசல்ல இருந்த கம்பெனி பேரோட எழுத்துங்களை தொழிலாளிங்க கழட்டி மாத்தி மாட்டினாங்க, பிரெஞ்சுல பெர்லியேங்கற பேருல இருக்கற அதே ஏழு எழுத்துல லிபெர்த்தே வந்துடும், அதாவது விடுதலை. ஒரு எழுத்து கூட மிச்சம் இல்ல, குறையவும் இல்ல. உங்க தாத்தா அப்போ லியோன்ல இருந்திருந்தா கண்டிப்பா பாத்திருப்பாரு.

அதுக்கு முந்தின வருஷமே கம்பெனி சித்ரோயேன் கைக்குப் போயாச்சு, 1974ல ரெனோகிட்ட வந்துச்சு, 1978ல ரெனோவோட லாரி கம்பெனி சவியெமோட சேத்து ரெனோ வெயிக்கிள் அந்துஸ்திரியேல்னு ஆக்கினாங்க, 1980ல பெர்லியேங்கற பேரையே எடுத்துட்டாங்க. ரயில் சின்னம் போச்சு, ரெனோவோட வைரச் சின்னம் வந்துச்சு. எனக்கு ரெனோ மேல கோபம் ஒண்ணும் இல்ல, ஆனா அந்தப் பேரை வெச்சிருக்கலாம்.

இந்த ரசிகர்ங்க யாராவது பெர்லியேவோட டி100 லாரி பாத்திருக்கீங்களா? 1957 பாரிஸ் சலோன்ல, அதான் மோட்டார் கண்காட்சில, காட்டினது, சகாராவுல எண்ணெய் வேலைக்காக செஞ்சது. 600 குதிரைத்திறன், ஆறு சக்கரமும் இழுக்கும், அகலம் மட்டும் கிட்டத்தட்ட 5 மீட்டர், டயர் ஆள் உயரத்துக்கு மேல. மொத்தமே நாலுதான் செஞ்சாங்க. ஒண்ணு லியோனுக்கு வடக்க மொந்தெலியேல பெர்லியே அறக்கட்டளைகிட்ட இருக்கு. நான் அதுக்கு அடில நின்னேன், எஞ்சினைப் பாக்கணும்னு வந்தவன் கடைசில சக்கரத்தோட ஆணியையே பாத்துட்டு நின்னுட்டேன். பேத்தி அவர்களே, அந்த அறக்கட்டளை பழைய ஆவணம், போட்டோ எல்லாம் சேத்து வெச்சிருக்கு, உங்க போட்டோவை எடுத்துக்கிட்டு அங்க கேளுங்க, அங்க இருக்கறவங்க மட்கார்டு மடிப்பைப் பாத்தே வருஷம் சொல்லுவாங்க.

பன்னிமூக்கு எழுதியது:

எல்லாரும் பெரிய லொறியளைப் பற்றிக் கதைக்கிறியள், சின்னனுகளுக்கும் ஒரு இடம் தாங்கோவன்.

நான் 84ல வந்தனான். பாஷை தெரியாது, பேப்பர் இன்னும் கைக்கு வரேல்ல, முதல் கிடைச்ச வேலை மார்ஷேயில, அதுதான் சந்தையில, ஒரு சீஸ்காரரோட. காலமை நாலு மணிக்கு அவர் வந்து நிப்பார், அவரிட்ட ஒரு சித்ரோயேன் எச் வான். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் நெளி நெளியா தகரக் கூரை மாதிரி. முதல் நாள் பாத்திட்டு நான் நினைச்சன், பாவம் மனுசன், காசில்லாமல் வீட்டுக் கூரையைக் கழட்டி வான் செய்திருக்கிறார் எண்டு. உண்மையாத்தான்! பிறகுதான் விளங்கினது, ரோட்டில போற வான் எல்லாம் அப்பிடித்தான். மெல்லிய தகட்டைச் சும்மா விட்டா வளையும், நெளிச்சு விட்டா பாரம் கூட்டாமலே விறைப்பா நிக்கும். ஜெர்மன்காரற்ற யுங்கர்ஸ் விமானத்தில இருந்து எடுத்த யோசினை.

அந்த வான்ர கெட்டித்தனம் வெளியில தெரியாது, உள்ளுக்குத்தான். முன்சில்லு இழுக்கிறபடியா அடியில நீளத் தண்டு ஒண்டும் ஓடாது, அதால தளம் நிலத்தில இருந்து 35 சென்ரிமீற்றர்தான். ஒரு படி ஏறுற அளவு. சீஸ் வட்டுகள் எவ்வளவு பாரம் தெரியுமோ, ஒரு கொந்தே வட்டு 35, 40 கிலோ வரும், அதைத் தோளில தூக்கி ஏத்தாமல் அப்பிடியே உருட்டி விடலாம். உள்ளுக்கு உயரம் 1.82 மீற்றர், நான் குனியாமல் நிண்டு வேலை செய்தனான். பின்கதவு மூண்டு துண்டு, மேல் பாதி கூரை மாதிரி மேல தூக்கும், கீழ் பாதி ரெண்டாப் பிரிஞ்சு திறக்கும். மழை பெய்தா மேல் துண்டுக்குக் கீழ நிண்டு சிகரெட் பத்துவார் பத்ரோன். 1947ல சலோனில காட்டினவை, 48ல விக்கத் தொடங்கி 81 முடிய மட்டும் செய்தவை, நாலே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட. நான் வரேக்க செய்யிறதை நிப்பாட்டி மூண்டு வருசம், ஆனா மார்ஷேக்குப் போனா எங்க பாத்தாலும் அதுதான்.

வேகம் எண்டு கேக்காதேங்கோ. மூண்டே மூண்டு கியர். எண்பதில போனா உள்ளுக்கு ஆளோட ஆள் கதைக்கேலாது, பத்ரோன் எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தந்ததே அதுக்குள்ளதான், கத்திக் கத்தி. அதால இண்டைக்கும் நான் பிரெஞ்சு கதைச்சா சண்டை பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும் எண்டு மனிசி சொல்லுவா.

இப்ப என்னட்ட ஒண்டு நிக்குது, 1971 மொடல். முன்கதவு சரியான பக்கம் திறக்கும், 69க்கு முந்தினது எல்லாம் மறுபக்கம் திறக்கும், ஓடேக்க தவறித் திறந்தா காத்து பிச்சுக்கொண்டு போயிடும். கார்த் கிரீஸ் கொலெக்சியோன், அதுதான் பழைய வண்டிக்குக் குடுக்கிற பதிவுப் பத்திரம், எடுத்து கறுப்பு நம்பர் பிளேட் போட்டிருக்கிறன். முப்பது வருசம் தாண்டின வண்டிக்குத்தான் அது தருவினம், அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கொன்ட்ரோல், அதுதான் வண்டிப் பரிசோதனை. தளம் முழுக்க கறள் பிடிச்சுக் கிடந்தது, மூண்டு மாரி காலம் வெல்டிங் செய்தே போச்சு. இப்ப இதுகளைப் பிடிச்சு கோப்பிக் கடை, கிரேப் கடை எண்டு ஆக்கி விலையை எங்கயோ கொண்டு போட்டாங்கள். இன்னும் ஒரு கூத்து, புது வானுக்கு மேல நெளிதகட்டு முகம் மாட்டி பழசு மாதிரி ஆக்கியும் விக்கினம். எனக்கு அது வேண்டாம், ஆனா பிள்ளையள் பாத்திட்டு சந்தோசப்படுதுகள், அதையும் சொல்லத்தானே வேணும்.

ஆதாரப்பிரியன் எழுதியது:

அண்ணே எல்லாம் சரி, ஆனா உங்க பேர்லயே தப்பு இருக்கு. பன்னிமூக்குன்னு முதல்ல பேரு வாங்கினது பேஜோ டி3. ஷெனார் எ வால்க்கேர்னு வேற கம்பெனியோட வான் அது, பேஜோ எடுத்து தன் எஞ்சினைப் போட்டப்ப உள்ள அடங்கல, அதனால முன்னாடி ஒரு பெட்டி மூக்கு துருத்திக்கிச்சு. ஷோசோன் பஸ்ஸுக்கும் அதே பட்டப்பேரு. உங்க வண்டிக்கு "தூப்"புனுதான் சொல்லுவாங்க, போருக்கு முன்னாடி சித்ரோயேன் செஞ்ச தூபோட பேரு ஒட்டிக்கிச்சு.

பன்னிமூக்கு எழுதியது:

தம்பி, என்ர பத்ரோன் பன்னிமூக்கு எண்டுதான் சொன்னவர். அவர் முப்பது வருசம் ஓட்டினவர். நீர் அவரோட வழக்குப் பேசும்.

நீலஎஸ்தாஃபெத் எழுதியது:

படிச்சுட்டு மட்டும் போயிடலாம்னு இருந்தேன், முடியல. எங்க அப்பாகிட்ட ரெனோ எஸ்தாஃபெத் இருந்துச்சு, ஏலத்துல வாங்கினது, முன்னாடி ஜான்தார்மெரி, அதான் போலீஸ் வண்டி. நீலம் மாத்தல, மேல இருந்த விளக்கை மட்டும் கழட்டிட்டு அந்த ஓட்டைக்கு ஒரு தட்டு வெச்சு அடைச்சாரு. எங்க குடும்பம் ஒம்போது பேரு, மொத்தமா அதுக்குள்ளதான். ரோட்டுல எங்களைப் பாத்ததும் முன்னாடி போற காரெல்லாம் டக்குனு வேகத்தைக் குறைக்கும், பக்கத்துல வந்ததும் உள்ள புடவை கட்டின பாட்டி உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு டிரைவர் மூஞ்சி போற போக்கு இருக்கே!!! அப்பா அதுக்காகவே நீலத்தை மாத்தலன்னு நினைக்கறேன்.

டிரைவர் கதவு பின்னாடி தள்ளித் திறக்கற கதவு, வெயில் காலத்துல அதைத் திறந்து வெச்சுக்கிட்டே ஓட்டுவாரு, இப்போ யாராவது அப்படி ஓட்டினா பெர்மியைப் புடுங்கிடுவாங்க. ரெனோவோட முதல் முன்சக்கர இழுவை வண்டியே இதுதான்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, எல்லாரும் ரெனோ 4னு நினைக்கறாங்க, அது 61, எஸ்தாஃபெத் 59. இதைச் சொல்லி ஒரு பந்தயத்துல ஜெயிச்சிருக்கேன்.

இரட்டைக்கிளட்ச் எழுதியது:

நல்லா இருக்கும்மா உங்க கதை. நாங்க ரோட்டுல நீல எஸ்தாஃபெத்தைப் பாத்தா ஓட்டின நேரமும் வேகமும் பதியற டாக்கோகிராஃப் தட்டைத்தான் முதல்ல பாப்போம், பாட்டி இருக்காங்களான்னு பாக்க தோணாது.

பேத்தி அம்மாவுக்கு ஒரு விஷயம், நேத்து ராத்திரி படுத்த பிறகுதான் உறைச்சுது. போட்டோல அந்தப் பக்கம் ஜன்னல்ல பாதி உடம்பை நீட்டிட்டு ஒரு பையன் சிரிக்கறான்னு எழுதியிருந்தீங்கல்ல? அவன் சும்மா போஸ் குடுக்கல, அது அவன் வேலை. வலது பக்கம் உக்காந்து ஓட்டறவருக்கு ஓரம் நல்லா தெரியும், ஆனா முன்னாடி போற வண்டியைத் தாண்டணும்னா எதிர்ல என்ன வருதுன்னு ஒண்ணுமே தெரியாது. முழு லாரியையும் எதிர் பாதைக்குக் கொண்டு போனாத்தான் தெரியும், அப்போ தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அதனால இடது பக்கம் ஒரு ஆள் உக்காந்து எட்டிப் பாத்து "போலாம்", "வேணாம்"னு சொல்லணும். எங்க பத்ரோன் இளவயசுல அந்த வேலைலதான் சேர்ந்தாராம், "எட்டு வருஷம் கழுத்தை நீட்டினேன், அதான் என் கழுத்து இவ்வளவு நீளம்"னு சொல்லுவாரு. தாத்தா உசுரு பாதி அந்தப் பையன் கண்ணுலதான் இருந்திருக்கு. யாரும்மா அது, தெரியுமா?

லியோன்பேத்தி எழுதியது:

ஐயா, நீங்க கேட்டதும் அம்மாகிட்ட காட்டினேன். அம்மா மூக்கைப் பாத்துட்டு (லாரி மூக்கு இல்ல, பையன் மூக்கு) "இது உங்க சின்ன தாத்தா மாதிரி இருக்கே"ன்னாங்க. தாத்தாவோட கடைசித் தம்பி, இப்போ கிரெனோப்ல்ல இருக்காரு, காது கொஞ்சம் மந்தம். நேத்து சாயங்காலம் போன் போட்டேன். "சின்ன தாத்தா, பெர்லியே ஞாபகம் இருக்கா?"ன்னு கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, போன் கட் ஆயிடுச்சோன்னு பாத்தா, அவரு மெதுவா அந்த எஞ்சின் சத்தத்தை வாயாலயே போட்டுக் காட்டறாரு. அஞ்சு சிலிண்டர்! ஐயா சொன்ன அதே தாளமான்னு எனக்குத் தெரியாது, ஆனா அவரு நிறுத்தவே இல்ல.

வயசு அப்போ பதினாறாம். தாத்தாதான் முதலாளிகிட்ட சொல்லி சேத்து விட்டாராம். பேன்-பூஷான் பேரை நான் சொல்றதுக்கு முன்னாடி அவரே சொன்னாரு, ஏத்தத்துல இறங்கி லாரி கூடவே நடந்து போய் ரோட்டோரத்துல பிளாக்பெரி பறிச்சுட்டு மறுபடி ஏறிக்குவாராம். லே ஆல்ல பழத்தை இறக்கிட்டு வெங்காய சூப்பு குடிக்கற கடையெல்லாம் சொன்னாரு. மிஷ்லேன் பொம்மை அவரு வாங்கி வெச்சதாம், முதல் சம்பளத்துல, தாத்தாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காதாம்.

"போலாம், வேணாம்"னு சொல்றது பத்தி கேட்டேன். ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா வாயால சொன்னா எஞ்சின் சத்தத்துல கேக்காதாம், அதனால கேபின் கூரையைத் தட்டுவாராம், ஒரு தட்டுன்னா போலாம், ரெண்டு தட்டுன்னா வேணாம். அவ்வளவு வருஷத்துல ஒரே ஒரு தடவை தட்டு மாறிப் போச்சாம், மாகோன் தாண்டி எங்கயோ. அது என்னாச்சுன்னு கேட்டா, "அதை நானும் அண்ணனும் மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தோம், இப்போ நான் மட்டும்தான், நீ இன்டர்நெட்டுல போட்டுறாத"ன்னுட்டாரு.

அடுத்த மாசம் அவரைக் கூட்டிட்டு மொந்தெலியே போறோம். போட்டோவையும் எடுத்துட்டுப் போறேன்.